மலைவீட்டில் கேமிங் கம்ப்யூட்டர்: எர்த் குழி முதல் முதல் கேம் வரை முழுமையான வழிகாட்டி

சென்னையிலோ மதுரையிலோ கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவருக்கு முதல் கவலை சூடு. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் வீடுகளில் அந்தக் கவலை பாதியாகிவிடும். அதன் இடத்தில் சுவர் ஓதமும், ஏறி இறங்கும் கரண்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும். சமவெளிக்காரர்களுக்கென்று எழுதிய குறிப்புகளை வரிக்கு வரி பின்பற்றி, தேவையில்லாத லிக்விட் கூலருக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு யுபிஎஸ்ஸில் மிச்சம் பிடிப்பது மலையில் அடிக்கடி நடக்கும் தவறு. எனவே இந்த வழிகாட்டி பாகங்களின் பட்டியலிலிருந்து தொடங்கவில்லை. சுவரிலுள்ள பிளக் பாயின்டிலிருந்து தொடங்குகிறது.

முதலில் எர்த்

பழைய எஸ்டேட் குடியிருப்புகளிலும் ஓட்டு வீடுகளிலும் மூன்று ஓட்டை பிளக் இருக்கும். மேலேயுள்ள பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. ஒயர் இருந்தாலும், பாறை தட்டியதால் எர்த் குழியை ஆழமாகத் தோண்டாமல் விட்டிருப்பார்கள். இப்படிப்பட்ட பாயின்டில் கம்ப்யூட்டரைச் சொருகினால் கேபினட்டைத் தொடும்போது விரலில் சுருசுருவென்று ஏறும். பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் சிறு கசிவு மின்னோட்டத்தை எர்த்துக்கு அனுப்ப வேண்டியவை. எர்த் இல்லையென்றால் அது கேபினட்டின் தகரத்திலேயே தேங்கி நிற்கும். ஆளுக்குப் பெரிய ஆபத்து இல்லாவிட்டாலும், யுஎஸ்பி போர்ட்டுக்கும் ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் அது நல்லதல்ல. பவர் சப்ளைக்குள் உண்மையிலேயே ஷார்ட் ஆனால் ஆளுக்கும் ஆபத்துதான்.

எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் மூன்று அளவு பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் 2, 3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மூன்றாவது அளவு 5 வோல்ட்டுக்கு மேல் போனாலோ, இரண்டாவதில் 100, 120 என்று ஏதாவது தெரிந்தாலோ, எர்த் குழியைச் சரிசெய்யும்வரை பாகம் எதையும் வாங்காதீர்கள். வீட்டின் மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் அதே வேலையோடு போட்டுவிடலாம்.

இன்னொன்று, ரூம் ஹீட்டர். 2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். ஹீட்டரும் கம்ப்யூட்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தால், தெர்மோஸ்டாட் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் வோல்டேஜ் சட்டென்று இறங்கும், பிளக் முனை பழுக்கும். ஹீட்டருக்குத் தனியாக 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும்.

யுபிஎஸ்: மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

மழைக்காலத்தில் கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ லைன் மேல் சாய்ந்தால் கரண்ட் போகும். வந்ததும் ஒரு நிமிடம் ஏறி இறங்கித்தான் நிலைக்கும். லைனின் கடைக்கோடியிலுள்ள வீடுகளில் மாலை நேர வோல்டேஜ் 180க்குக் கீழே போவதும் உண்டு. ஆகவே வோல்டேஜைத் தானே ஏற்றி இறக்கிச் சரிசெய்யும் லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் வாங்குங்கள்.

அளவு முக்கியம். கடையில் முதலில் எடுத்து நீட்டும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான் தரும். கீழே சொல்லியிருக்கும் கம்ப்யூட்டர் கேம் ஓடும்போது 300 முதல் 320 வாட் வரை இழுக்கும். மானிட்டர், மோடம் சேர்த்தால் 360ஐத் தொட்டுவிடும். கரண்ட் போன அதே நொடியில் யுபிஎஸ் ‘கீ’யென்று கத்திவிட்டுத் தானும் அணைந்துபோகும். 1100 விஏ, அதாவது 660 வாட் அளவில் உள்ளது சேவ் செய்து ஷட்டவுன் செய்யப் போதுமான சில நிமிடங்களைத் தரும். குளிரில் பேட்டரியின் கொள்ளளவு குறையும் என்பதால் யுபிஎஸ்ஸை வெறும் சிமென்ட் தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள்.

பாகங்கள்: உயரத்துக்கு ஏற்ற தேர்வு

ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 2100 மீட்டரை ஒட்டி. ஊட்டிக் காற்றின் அடர்த்தி சென்னைக் காற்றைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும், சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடான ஹீட்சிங்கிலிருந்து அள்ளிச் செல்லும் சூடு குறையும். ஆனால் அறை வெப்பம் சென்னையில் 33 டிகிரி என்றால் இங்கே 17. கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபம் மலைக்குத்தான். நடுத்தர பிராசஸருக்கு அதன் பெட்டியிலேயே வரும் கூலர் தாராளமாகப் போதும்.

நல்ல நடுத்தர அமைப்பு ஒன்று இதோ. பிராசஸர் ஏஎம்டி ரைசன் 5 7600: 6 கோர், 65 வாட் வகை, உச்சத்தில் 88 வாட். உள்ளேயே சிறு கிராபிக்ஸ் இருப்பதால் கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே டெஸ்ட் செய்யலாம். கூலர் சேர்ந்த பெட்டிதானா என்று கேட்டு வாங்குங்கள். மதர்போர்டு பி650 சிப்செட், மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு, வைஃபை உள்ளது. ரேம் டிடிஆர்5 6000, ஒரே பேக்கில் வந்த 16 ஜிபி ஜோடி. பட்ஜெட் இடித்தால் 8 ஜிபி ஜோடி. கிராபிக்ஸ் கார்டு ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, 160 வாட். அல்லது ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 5060, 145 வாட், 8 ஜிபி. இரண்டில் முதலாவதே எங்கள் தேர்வு. புதிய கேம்களின் டெக்ஸ்சருக்கு 8 ஜிபி இப்போதே இறுக்கமாக இருக்கிறது. 1 டெராபைட் என்விஎம்இ எஸ்எஸ்டி.

பவர் சப்ளை 650 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் அல்லது கோல்டு என்ற மின்சேமிப்புத் தரம். வாங்கும்போது பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் என்று இருக்க வேண்டும். சில மலிவு மாடல்களில் 200 முதல் 240 என்றிருக்கும். வோல்டேஜ் 180க்கு இறங்கும் வீட்டில் அவை கேம் நடுவிலேயே அணையும்.

கேபினட்டின் முன்பக்கம் வலையாகவும், உள்ளே கழற்றிக் கழுவும் ஃபில்டரோடும் இருக்கட்டும். முன்னால் உள்ளிழுக்க இரண்டு ஃபேன், பின்னால் வெளித்தள்ள ஒன்று. கணப்பு மூட்டும் வீடுகளில் ஃபில்டர் மிக அவசியம். விறகுப் புகையின் கரி ஈரத்தோடு சேர்ந்து ஃபேன் இறக்கையில் பிசின்போல ஒட்டிக்கொள்ளும், ஊதினாலும் போகாது.

மலையேற்றுவதும் ஆறவைப்பதும்

நீலகிரிக்காரர்கள் பெரும்பாலும் கோவையிலிருந்தும், கொடைக்கானல்காரர்கள் மதுரை, திண்டுக்கல்லிலிருந்தும் வாங்கி வருவார்கள். கீழேயே அசெம்பிள் செய்து காரில் ஏற்றி வருவதைத் தவிர்த்துவிடுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் முக்கால் கிலோ கிராபிக்ஸ் கார்டு தன் எடை முழுவதையும் மதர்போர்டின் ஸ்லாட் மேல் போட்டு ஆடும். ஸ்லாட் நெகிழ்ந்தால் வாரண்டியில் தர மாட்டார்கள். அதனதன் பெட்டியிலேயே எடுத்து வாருங்கள்.

வந்ததும் பிரிக்காதீர்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள்தான் புது போர்டை முதல் நாளே இழக்கிறார்கள். அறை 20 டிகிரியில், ஈரப்பதம் 80 சதவீதத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 16 டிகிரி. இரவு முழுவதும் காரின் டிக்கியில் கிடந்து 8 டிகிரிக்குக் குளிர்ந்த கிராபிக்ஸ் கார்டை அந்த அறையில் பிரித்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த எவர்சில்வர் சொம்பு போல அதன் உலோகத் தகடு வியர்க்கும். தகட்டில் கண்ணுக்குத் தெரிகிற அதே ஈரம், சிப்புகளின் கால்களுக்கு இடையில் தெரியாமல் நிற்கும். அந்த நிலையில் கரண்ட் கொடுத்தால் ஷார்ட் ஆகலாம். எல்லாப் பெட்டிகளையும் மூடியபடியே அறைக்குள் ஓர் இரவு வைத்திருங்கள். மானிட்டருக்கும் இதே விதி.

கேபினட்டுக்கு வெளியே முதல் ஓட்டம்

ஒரு பாகம் பழுது என்றால் மாற்றிவர ஒரு நாள் போய்விடும். அதனால் கேபினட்டில் பூட்டுவதற்கு முன்பே, மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து ஓட்டிப் பாருங்கள். போர்டு சுற்றிவந்த சாம்பல் நிறப் பையின் மேல் வைக்காதீர்கள். அதன் வெளிப்பக்கம் மின்சாரம் கடத்தும்.

பகல் வெளிச்சத்தில், மேகம் இறங்காத நேரத்தில் உட்காருங்கள். ஸ்வெட்டரையும் சால்வையையும் கழற்றிவிட்டு, பருத்தி உடையில் இருங்கள். மழைக்காலத்தில் நிலைமின் தொல்லை குறைவு. ஆனால் ஜனவரியின் வறண்ட பகலில், கம்பளி உடையோடு, கார்பெட் மேல் நடந்தால் விரலிலிருந்து பொறி பறக்கும். பவர் சப்ளையை எர்த் உள்ள பாயின்டில் சொருகி, அதன் சுவிட்சையும் சுவர் சுவிட்சையும் அணைத்து வைத்து, அதன் உலோகப் பெட்டியை அவ்வப்போது தொட்டுக்கொள்ளுங்கள். விரல் விறைத்திருந்தால் முதலில் கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். உணர்ச்சியற்ற விரலுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது.

ஏஎம்5 சாக்கெட்டில் 1718 ஊசிகள் மதர்போர்டில்தான் இருக்கின்றன. பிராசஸரின் அடியில் தட்டையான தொடுபுள்ளிகள் மட்டுமே. லீவரைத் தூக்கி, சட்டத்தைத் திறந்து, பிராசஸரின் இரு ஓரத்தைப் பிடித்து, மூலையிலுள்ள தங்க முக்கோணம் சாக்கெட்டிலுள்ள முக்கோணத்தோடு பொருந்தும்படி நேராக இறக்கி வையுங்கள். அழுத்த வேண்டியதே இல்லை, தன் எடையிலேயே உட்காரும். பிறகு சட்டத்தை மூடி லீவரை அழுத்தும்போது கொஞ்சம் பலம் வேண்டியிருக்கும். கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வெளியே வரும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். அந்த மூடியைப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டிக்குப் போர்டைத் திருப்பும்போது கேட்பார்கள்.

ரேமைப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள் (போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும்). இரு ஓரமும் ‘டக்’கென்று பூட்டும்வரை அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டிய ரேம்தான் ‘டிஸ்பிளே வரவில்லை’ என்ற புகாரின் முதல் காரணம். எஸ்எஸ்டியைச் சாய்வாகச் சொருகி, படுக்கவைத்து, சின்ன ஸ்க்ரூவைப் போடுங்கள். மேலே மூடும் ஹீட்சிங்கின் அடியிலுள்ள ஒட்டுப் பட்டையில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதை உரித்துவிட்டே மூட வேண்டும்.

கூலருக்கு வருவோம். பெட்டியில் வரும் கூலரைப் பொருத்த, சாக்கெட்டின் இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் தாங்கிகளை நான்கு ஸ்க்ரூ கழற்றி எடுத்துவிட வேண்டும். அடியில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருப்பார்கள், விரல் படக் கூடாது. நேராக இறக்கி, நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூக்களையும் முதலில் இரண்டு சுற்று மட்டும் பிடியுங்கள். பிறகு குறுக்குமறுக்காக, ஒன்றுக்கு ஒரு சுற்று, எதிர்மூலைக்கு ஒரு சுற்று என்று நிற்கும்வரை முறுக்குங்கள். ஒரு மூலையை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கூலர் சாய்ந்து, பேஸ்ட் ஒருபக்கமாகப் பிதுங்கும். அந்தப் பக்கம் மட்டும் குளிரும், மறுபக்கம் கொதிக்கும். ஃபேன் ஒயரை சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில் சொருகுங்கள்.

24 பின் ஒயரையும், பிராசஸருக்கான 8 பின் ஒயரையும் மாட்டுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் ஒயரும் பார்வைக்கு இதைப்போலவே இருக்கும், இரண்டும் ஒன்றல்ல. ஒயரின் முனையில் சிபியு, பிசிஐ என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுச் சொருகுங்கள். வேறு பிராண்டு பவர் சப்ளையின் கழற்றும் ஒயர்களை ஒருபோதும் கலக்கக் கூடாது. மறுமுனை அப்படியே பொருந்தும், உள்ளே மின்வரிசை வேறாக இருந்து போர்டையும் எஸ்எஸ்டியையும் எரித்துவிடும்.

மானிட்டரை இந்த ஓட்டத்துக்கு மட்டும் மதர்போர்டில் மாட்டி, பவர் சுவிட்சுக்கான இரண்டு ஊசிகளை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். இங்கேதான் பலர் பதறிப்போய் அணைத்துவிடுகிறார்கள். டிடிஆர்5 ரேமை போர்டு முதன்முறை பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும். டிரேம் என்ற விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் அணைத்து, ஒரே ஒரு ரேமை ஏ2வில் மட்டும் போட்டுப் பாருங்கள். பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே போர்டிலிருந்து ஓடும் மென்பொருள்) திரையில் ரேம் அளவும் எஸ்எஸ்டியின் பெயரும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கேபினட்டுக்குள்

போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள் போர்டின் ஓட்டைகளுக்கு நேராக மட்டுமே இருக்க வேண்டும். தேவையில்லாத இடத்தில் ஒன்று நின்றால் அது போர்டின் அடியில் உரசி ஷார்ட் ஆக்கும். பின்பக்கத் தகடு தனியாக வந்திருந்தால் போர்டுக்கு முன்பே கேபினட்டில் அழுத்திப் பொருத்துங்கள். முன்பக்க யுஎஸ்பி 3 ஒயரின் தடித்த பிளக்கைக் கோணலாக அழுத்தினால் 19 ஊசிகளில் ஒன்றாவது வளையும், நேராகத்தான் போட வேண்டும். எல்இடி ஒயருக்கு மட்டும் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும்; பவர் சுவிட்ச் எப்படிப் போட்டாலும் வேலை செய்யும்.

கடைசியாகக் கிராபிக்ஸ் கார்டு. ஸ்லாட்டின் கொக்கி பூட்டும் சத்தம் கேட்ட பிறகே பின்பக்க ஸ்க்ரூக்களை முறுக்குங்கள். மானிட்டர் ஒயர் இனி கார்டில்தான். பழையபடி மதர்போர்டிலேயே விட்டுவிட்டு ‘கேம் திக்குகிறது’ என்று கவலைப்படுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பயன்படாத ஸ்லாட்டுகளின் தகடுகளை மூடியே வையுங்கள். குளிர்கால இரவில் சூடான இடம் தேடும் எலிக்குஞ்சும் பல்லியும் அந்த ஓட்டை வழியாகத்தான் நுழையும்.

பயாஸ், விண்டோஸ், டெஸ்ட்

பயாஸ் அப்டேட்டை யுபிஎஸ்ஸில் ஓடும்போது, இடி இல்லாத நாளில் செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு எழுந்திருக்காது. அடுத்து, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் 6000 வேகத்துக்குக் காசு கொடுத்த ரேம் 4800 அல்லது 5200இல் ஊர்ந்துகொண்டிருக்கும். கிராபிக்ஸ் கார்டின் வேகத்துக்கு உதவும் ரீசைசபிள் பார், பாதுகாப்புக்கான டிபிஎம், செக்யூர் பூட் மூன்றும் ஆனில் இருக்கட்டும். வேலரன்ட் போன்ற கேம்கள் விண்டோஸ் 11இல் கடைசி இரண்டையும் கேட்கும்.

விண்டோஸ் 11க்கு 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதே பென்டிரைவில் உங்கள் போர்டின் வைஃபை, லேன் டிரைவர்களையும் போட்டுக்கொள்ளுங்கள். நிறுவும்போது இன்டர்நெட் கேட்கும், டிரைவர் இல்லாததால் வைஃபை தெரியாது, அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். நிறுவிய பின் சிப்செட் டிரைவர், கிராபிக்ஸ் டிரைவர் என்ற வரிசை. டிஸ்பிளே அமைப்பில் ரிஃப்ரெஷ் ரேட் 60இலேயே நிற்கும், மானிட்டர் 144 என்றால் கையால் மாற்றுங்கள்.

பெரிய கேம்கள் 100 ஜிபியைத் தாண்டும். இணையம் மெதுவான ஊர்களில், அதே கேம் வைத்திருக்கும் நண்பரின் கம்ப்யூட்டரை ஒரே ரௌட்டரில் இணைத்து, ஸ்டீமின் லோக்கல் நெட்வொர்க் டிரான்ஸ்ஃபர் வழியாக இன்டர்நெட் செலவில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்சை 10 நிமிடம் ஓட்டி, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பத்தைப் பாருங்கள். 7600இன் எல்லை 95 டிகிரி. 17 டிகிரி அறையில் அது 95ஐத் தொட்டால் கூலர் சரியாக உட்காராமல் இருக்கலாம், பேஸ்டைத் துடைத்து, புதிதாகப் பூசி மறுபடி மாட்டுங்கள். ரேமுக்கு மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் எக்ஸ்போவை அணைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் ரேமை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஓதத்திலிருந்து காப்பது

வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் இடைவெளி வேண்டும். சமையலறை வாசல், வெந்நீர் ஆவி வரும் குளியலறைப் பக்கம், மாலையில் மேகம் நுழையும் ஜன்னலோரம் மூன்றும் ஆகாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை மேசையில் வையுங்கள். 60 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி, 80க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் தொடுமுனைகள் மங்கத் தொடங்கும்.

மழைக்காலத்தில் கேம் ஆடாத நாளிலும் அரைமணி நேரமாவது ஓடவிடுங்கள். துணி அலமாரிக்குள் சின்ன குண்டு பல்பை எரியவிடும் பழக்கத்தின் அதே தத்துவம்தான்: சூடான பொருளின் மேல் ஈரம் படியாது. ரேம் தொடுமுனை மங்கினால் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் துடையுங்கள். அழிப்பானால் தேய்ப்பது பரவலான பழக்கம் என்றாலும், ஒவ்வொரு தேய்ப்பிலும் தங்கப்பூச்சு கொஞ்சம் போகிறது.

இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. லேன் ஒயரையும் கழற்றுங்கள். ஃபைபர் இழை மின்னலைக் கடத்தாது. மோடத்தின் அடாப்டர் கடத்தும், அங்கிருந்து லேன் ஒயர் வழியாக மதர்போர்டுக்கு வந்து சேரும்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் மழை வலுக்கும். அந்த மாதங்களில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போவதானால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, அதன் பையில் போட்டு, காற்றுப்புகாத டப்பாவில் அரைக்கிலோ சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். கேபினட்டை உயரமான இடத்தில் வைத்து, பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே பூசணம் பிடிக்கும். திரும்பி வந்ததும் ஜன்னல்களைத் திறந்து, ஒரு நாள் வெயில் உள்ளே வரவிட்டு, ஈரப்பதமானி 60ஐ ஒட்டி இறங்கிய பிறகு பிளக்கைச் சொருகுங்கள்.